ஹோவர்கிராஃப்டுக்கு மூணு மோட்டார், ஆறு ப்ராப் மாட்டிப் பாத்தாச்சு, எது தேறுச்சுன்னு சொல்றேன்

முடிவ மொதல்லயே சொல்லிடறேன், பொறுமை இல்லாதவங்க இதோட போயிடலாம். என்கிட்ட இருக்கிறது ஃபோம் போர்டுல செஞ்ச ரிமோட் ஹோவர்கிராஃப்ட், அதாவது அடியில காத்த அடைச்சு அது மேல மிதந்து ஓடுற வண்டி, 60 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், பேட்டரியோட சேத்து 1.1 கிலோ. பின்னாடி தள்றதுக்கு ஒரு மோட்டார், அடியில காத்தடிச்சு தூக்குறதுக்கு ஒரு மோட்டார். தள்றதுக்கு 2212 சைஸ் 1000 கேவி மோட்டாரும் 8×4.5 ப்ராப்பும் (ப்ராப்னா ப்ரொபெல்லர், 8ங்கிறது இஞ்ச்ல குறுக்களவு, கேவியும் 4.5ம் என்னன்னு பின்னாடி சொல்றேன்), தூக்குறதுக்கு 2205 சைஸ் 2300 கேவி மோட்டாரும் 5 இஞ்ச் மூணு றெக்கை ப்ராப்பும். ரெண்டுக்கும் ஒரே மூணு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 2200 எம்ஏஎச். இந்த செட்டப் நாலு நட்சத்திரம், ஒரு நட்சத்திரம் ஏன் குறைச்சேன்னு பின்னாடி வரும்.

இந்த முடிவுக்கு நான் நேரா வரல. மூணு மோட்டார், ஆறு ப்ராப், ஒரு டக்டட் ஃபேன் (குழாய்க்குள்ள சுத்துற சின்ன ஃபேன்), கருகின ஒரு ஈஎஸ்சி (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்துற சர்க்யூட்), இவ்வளவும் தாண்டித்தான் வந்தேன். காரணம் ஒண்ணே ஒண்ணு, நான் மோட்டார மொதல்ல வாங்கிட்டேன். எல்லாரும் அப்படித்தான் பண்றோம், கேவி நம்பர் பெருசா இருந்தா வேகமா போகும்னு நெனச்சு 2200 கேவிய கூடையில போட்டுட்டு அப்புறம் அதுக்கு என்ன ப்ராப் மாட்டலாம்னு தேடுறோம். இது செருப்ப வாங்கிட்டு காலத் தேடுற மாதிரி. நம்ம வண்டியில எவ்வளவு பெரிய ப்ராப் இடிக்காம சுத்தும்னு மொதல்ல ஸ்கேல் வெச்சு அளந்துட்டு அந்த ப்ராப்ப எந்த மோட்டார் சூடாகாம சுத்தும்னு அதுக்கப்புறம் பாக்கணும், நான் தலைகீழா பண்ணேன்.

மோட்டார் மேல இருக்கிற நம்பர் பத்தி ஒரு வார்த்தை. 2212ன்னா உள்ள இருக்கிற ஸ்டேட்டர் (சுத்தாம நிக்கிற காயில் பகுதி) 22 எம்எம் குறுக்களவு, 12 எம்எம் உயரம். சில கம்பெனிக்காரங்க வெளி டப்பாவோட அளவப் போடுவாங்க, அதே மாதிரி மோட்டாரையே 28ல ஆரம்பிக்கிற நம்பர் போட்டு விப்பாங்க, அதப் பாத்து பெரிய மோட்டார்னு நெனச்சு ஏமாறக் கூடாது. சந்தேகமா இருந்தா எடையப் பாருங்க, எடை பொய் சொல்லாது. கேவிங்கிறது ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு எத்தன சுத்து, அதுவும் ப்ராப் எதுவும் மாட்டாம வெறும் ஷாஃப்ட் சுத்தும்போது. 1000 கேவி மோட்டாருக்கு 11.1 வோல்ட் குடுத்தா 11,100 சுத்து வரணும், ப்ராப் மாட்டினதும் அதுல முக்கால் பங்கு, மிஞ்சிப் போனா 85 சதவீதம் நிக்கும். கேவிக்கும் சக்திக்கும் சம்பந்தம் இல்ல, அது சைக்கிள் கியர் மாதிரி, அவ்வளவுதான்.

சரி, மொதல் செட்டப். 2200 கேவி, 6×4 ப்ராப். முழு த்ராட்டில்ல தொங்கவிடுற சின்ன டிஜிட்டல் தராசுல கட்டி இழுக்க விட்டேன், வாட் மீட்டரும் போட்டேன். 600 கிராம் இழுத்துச்சு, 18 ஆம்ப்ஸ் குடிச்சுது. 600 கிராம்னு பாத்ததும் எனக்கு ஒரே சந்தோஷம், வண்டி எடையில பாதிக்கு மேல த்ரஸ்ட் (தள்ளு விசை) இருக்கே, பிச்சுக்கிட்டு போகும்னு. போச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா ஆறு நிமிஷம் கூட முழுசா ஓடல, மோட்டார்ல விரல் வைக்க முடியல, சத்தம் ஒரு கொசுவ ஆம்ப்ளிஃபயர்ல போட்ட மாதிரி. அக்கா பையன் கூட இருந்தான், "மாமா, ஏற்கனவே சார்ஜ் போட்டதுதானே, அதுக்குள்ள தீந்துருச்சா?"ன்னு கேட்டான். தீந்துதான் போச்சு.

அப்புறம்தான் 1000 கேவியும் 8×4.5 ப்ராப்பும் வாங்கி அதே தராசுல கட்டினேன். 560 கிராம். ஆம்ப்ஸ் எவ்வளவு தெரியுமா, 9. நாப்பது கிராம் கம்மி, கரண்டு சரிபாதி! நான் மீட்டர் கெட்டுப் போச்சுன்னு நெனச்சு வயர கழட்டி மறுபடி மாட்டிப் பாத்தேன், அதே 9தான்.

இதுல மாயம் ஒண்ணும் இல்ல. நெறைய காத்த மெதுவா தள்றது சுலபம், கொஞ்சூண்டு காத்த வேகமா தள்றது செலவு. 8 இஞ்ச் வட்டத்தோட பரப்பு 6 இஞ்ச் வட்டத்த விட கிட்டத்தட்ட 1.8 மடங்கு, அதனால அதே தள்ளு விசைக்கு காத்த அவ்வளவு வேகமா வீச வேண்டியதில்ல. பெரிய ஹோவர்கிராஃப்டுலயும் இதே கதைதான், இங்கிலீஷ் கால்வாய்ல 1968லேர்ந்து 2000 வரைக்கும் காரும் ஆளும் ஏத்திட்டு ஓடுன எஸ்ஆர்என்4ல நாலு என்ஜின், ஒவ்வொரு என்ஜினும் ஒரு லிஃப்ட் ஃபேனையும் ஒரு ப்ரொபெல்லரையும் சுத்துச்சு, அந்த ப்ரொபெல்லர் குறுக்களவு ஆரம்பத்துல 19 அடி. சின்னதா நாலு ஃபேன் வெச்சு கீச்சுனு சுத்த விட்டிருக்கலாம்தானே, விடல.

அப்ப இன்னும் பெருசு போட்டா இன்னும் நல்லதுதானேன்னு நானும் கேட்டேன், 9×4.7 மாட்டினேன், 680 கிராம், 12 ஆம்ப்ஸ். 10×4.5 மாட்டினேன், 800 கிராம், 15 ஆம்ப்ஸ், கூடவே வார்னிஷ் கருகற வாசனை. இந்த 2212 மோட்டார் பெரும்பாலும் 12 ஆம்ப்ஸ், அதுவும் ஒரு நிமிஷத்துக்குன்னுதான் பேப்பர்ல போட்டிருப்பாங்க, 15ங்கிறது அதோட கழுத்துல உக்காந்த மாதிரி. ப்ராப் ஒரே வேகத்துல சுத்துதுன்னு வெச்சுக்கிட்டா த்ரஸ்ட் குறுக்களவோட நாலாம் மடங்குல ஏறும், ஆனா அத சுத்தத் தேவைப்படுற பவர் அஞ்சாம் மடங்குல ஏறும். 8லேர்ந்து 9 போனா த்ரஸ்ட் 1.6 மடங்கு, பவர் 1.8 மடங்கு. என் மோட்டார் அந்த பாரத்துல வேகம் குறைஞ்சதாலதான் நெஜத்துல அவ்வளவு ஏறல. ஒரு இஞ்ச்தானே, என்ன ஆயிடப் போகுதுன்னு மாட்டுறவங்க இத ஒரு தடவ கணக்குப் போட்டுப் பாத்துடுங்க.

9 இஞ்ச்ல கரண்டு தாங்கிச்சு, ஆனா வேற பிரச்சனை. ப்ராப் பெருசாக பெருசாக மோட்டார உசத்தி வைக்கணும், தள்ற விசை வண்டியோட தலைக்கு மேல போயிடும், த்ராட்டில் குடுத்ததும் மூக்கு கீழ குத்தும். தரையில தெரியாது, தண்ணியில முன்பக்க ஸ்கர்ட் (அடியில காத்த பிடிச்சு வைக்கிற ஓரப் பாவாடை) உள்ள மடங்கி வண்டி அப்படியே மூக்க நட்டு நிக்கும். நான் ரெண்டு தடவ நட்டேன், ரெண்டாவது தடவ ரிசீவர் நனைஞ்சுது. பேட்டரிய பின்னாடி தள்ளி சமாளிக்கலாம், ஒரு அளவுக்குத்தான். அதனால என் வண்டிக்கு 8தான். உங்க வண்டி 90 சென்டிமீட்டர்னா 10 இஞ்ச் தாராளமா உக்காரும், அதுக்கு 2212 பத்தாது, ஒரு சைஸ் பெரிய மோட்டாரும் கம்மி கேவியும் பாருங்க.

நடுவுல 1400 கேவி ஒண்ணு வாங்கினத சொல்லலியே. 8×4 ப்ராப்போட 780 கிராம் இழுத்துச்சு, 17 ஆம்ப்ஸ். நம்பர் பாத்தா ஆசையா இருக்கும், ரேஸ் விடுறவங்களுக்கு சரியா வரலாம், ஆனா வண்டி 1.1 கிலோதான், 780 கிராம் வெச்சுக்கிட்டு திருப்பம் வந்தா நிறுத்த முடியாது. ஹோவர்கிராஃப்டுக்கு பிரேக் கிடையாதுங்கிறத வாங்கும்போது யாரும் நெனைக்கிறதில்ல. நான் இத பெரும்பாலும் பாதி த்ராட்டில்லயே ஓட்டினேன், அப்புறம் அது எதுக்கு? மூணு நட்சத்திரம், மோட்டார் மேல குத்தம் இல்ல, எனக்கு ஒத்துவரல.

பிட்ச் விஷயம். 8×4.5ல அந்த 4.5ங்கிறது ப்ராப் வெண்ணெய்க்குள்ள திருகு மாதிரி போனா ஒரு சுத்துக்கு எத்தன இஞ்ச் முன்னாடி போகும்ங்கிறது. 9,300 சுத்துல 4.5 இஞ்ச்னா மணிக்கு 64 கிலோமீட்டர் வருது. என் வண்டி அதிகபட்சம் ஓடுறது 25, 30தான். அப்ப இதுவே மிச்சம். ஆனா நான் சும்மா இருப்பேனா, 8×6 ஒண்ணு வாங்கிப் பாத்தேன். த்ரஸ்ட் 590 கிராம், கரண்டு 12 ஆம்ப்ஸ். 30 கிராமுக்கு 3 ஆம்ப்ஸ் தண்டம். வண்டி நிக்கும்போது றெக்கைக்கு காத்து ரொம்ப சாஞ்ச கோணத்துல போகுது, காத்து றெக்கை மேல ஒட்டாம பிரிஞ்சிடுது, பர்ர்னு ஒரு கரகரப்பு கேக்கும், அந்த சத்தம் கேட்டா பிட்ச் அதிகம்னு அர்த்தம். ஃப்ளைட்டு வேகமா போறதால பிட்ச் கேக்கும், நம்ம வண்டி நின்ன இடத்துலேர்ந்து கெளம்புறதும் திரும்புறதுமாவே இருக்கும், 4க்கும் 4.5க்கும் மேல தேவையே இல்ல.

தண்ணியில ஓட்டுறவங்களுக்கு மட்டும் ஒண்ணு. தண்ணி மேல வண்டி நிக்கும்போது அடியில இருக்கிற காத்தழுத்தம் தண்ணிய கொஞ்சம் பள்ளமாக்கும், மெதுவா போகும்போது அந்தப் பள்ளத்துல உண்டான அலைய வண்டி தன் முன்னாடியே தள்ளிக்கிட்டுப் போகும். 60 சென்டிமீட்டர் வண்டிக்கு மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர்ல இந்த இழுவை உச்சத்துக்குப் போகும், அதத் தாண்டிட்டா அலை பின்னாடி போயிடும், வண்டி சட்டுனு லேசாகி ஓடும். அந்த மேட்டத் தாண்டத்தான் த்ரஸ்ட் வேணும், டாப் ஸ்பீடுக்கு இல்ல. நின்ன இடத்துல அதிகமா இழுக்கிற பெரிய ப்ராப், கம்மி பிட்ச், இதுவே இங்கயும் ஜெயிக்குது. 6×4 வெச்சிருந்தப்ப பேட்டரி பாதி காலியானதும் இந்த மேட்ட ஏற முடியாம வண்டி தவிக்கும், 8×4.5ல கடைசி நிமிஷம் வரைக்கும் ஏறுது.

இப்ப ப்ராப் தரம். மொதல்ல நான் வாங்கின 8×4.5 பேரில்லாத ஸ்லோ ஃப்ளையர் (மெதுவா பறக்கிற ஃப்ளைட்டுக்கு செஞ்சது) வகை, மெல்லிசான அகல றெக்கை. நாலாவது நாள் நடுக்குமிழ் பக்கத்துல வெள்ளையா ஒரு கோடு. ஸ்லோ ஃப்ளையர் ப்ராப்புக்கு ஏபிசிங்கிற ப்ராப் கம்பெனியே ஒரு வரம்பு போட்டிருக்கு, 65,000த்த குறுக்களவு இஞ்சால வகுத்தா வர்ற ஆர்பிஎம்முக்கு (நிமிஷத்துக்கு எத்தன சுத்து) மேல போகாதீங்கன்னு. 8 இஞ்சுக்கு 8,125தான் வரும். நான் ஓட்டினது 9,300! கோடு விழாம என்ன செய்யும், நல்ல வேளை பறக்கல. அப்புறம் மல்டிரோட்டருக்குன்னு (ட்ரோன் வகை) விக்கிற கெட்டியான 8×4.5 வாங்கினேன், இன்னிக்கு வரைக்கும் ஓடுது. ப்ராப் பாக்கெட்ல ஸ்லோ ஃப்ளையர்னு போட்டிருந்தா மூணு செல் (3எஸ்) பேட்டரியில 1000 கேவிக்கு மாட்டாதீங்க. அதோட கம்பி வலை கூண்டு இல்லாம ஓட்டாதீங்க, 8 இஞ்ச் ப்ராப்போட நுனி இந்த வேகத்துல நொடிக்கு 100 மீட்டர் கிட்ட போகுது, விரல் பக்கத்துல வர்ற உயரத்துலதான் அது சுத்துது. ஈஎஸ்சி செட்டிங் மாத்தும்போது ப்ராப்ப கழட்டி வெச்சுட்டுத்தான் பேட்டரி மாட்டணும், இத நான் ஒரு சின்ன வெட்டுக்காயம் குடுத்து கத்துக்கிட்டேன்.

மாட்டுற விதம். இது நெறைய பேருக்கு தெரியல, எனக்கும் தெரியல. ப்ராப் மோட்டாருக்குப் பின்னாடி இருந்தாலும் சரி முன்னாடி இருந்தாலும் சரி, எழுத்து போட்டிருக்கிற பக்கம் வண்டி போற திசையப் பாக்கணும். நான் எழுத்து வெளிய தெரியணும்னு அழகா பின்பக்கம் பாத்து மாட்டிட்டு, மோட்டார் திசையையும் மாத்தி சரி பண்ணிட்டேன்னு நெனச்சேன். தள்ளுச்சு, ஆனா 560க்கு பதிலா 350 கிராம்தான். றெக்கையோட வளைஞ்ச முதுகு தப்பு பக்கம், கூர் பின்விளிம்பு முன்னாடி. ஒரு வாரம் மோட்டார திட்டிக்கிட்டு இருந்தேன். திசை மாத்தணும்னா மோட்டாரோட மூணு வயர்ல ஏதாவது ரெண்ட மாத்திப் போட்டா போதும், ப்ராப்ப திருப்பினா திசை மாறாது.

இன்னொண்ணு நட்டு. சாதாரண ப்ராப்ப புஷர்ல, அதாவது மோட்டாருக்குப் பின்னாடி இருந்து தள்ற மாதிரி, சரியா மாட்டினா பின்னாடி நின்னு பாக்கும்போது கடிகார திசையில சுத்தும், அப்ப சாதாரண மரை நட்டு மெல்ல மெல்ல லூசாகும். ஃப்ளைட்டுல முன்னாடி மாட்டும்போது அது தானா இறுகும், அந்த நெனப்புல இருந்தா இங்க ப்ராப் கழண்டு ஓடும். ரெண்டு வழி இருக்கு. ரிவர்ஸ் ப்ராப் வாங்கி எதிர் திசையில சுத்த விடலாம், நட்டு தானா இறுகும், இல்ல நைலான் வளையம் உள்ள லாக் நட்டு போடலாம். நான் ரிவர்ஸ் ப்ராப்தான் போட்டிருக்கேன். திரெட் லாக் திரவம் ஊத்தினா சில பிளாஸ்டிக்க அது வெடிக்க வெச்சிடும், ப்ராப் கிட்ட அத கொண்டு போகாதீங்க. கொலெட் அடாப்டர் (ஷாஃப்ட்ட இறுக்கிப் பிடிச்சு ப்ராப்ப தாங்குற துண்டு) நழுவுமான்னு பயப்பட வேண்டாம், புஷர்ல ப்ராப் மோட்டார் பக்கமாத்தான் அழுத்துது.

பேலன்ஸ் பாக்காம மாட்டவே மாட்டாதீங்க. ஒரு மெல்லிய கம்பியில ப்ராப்ப படுக்க வெச்சா எந்தப் பக்கம் கீழ விழுதோ அது கனம், லேசான பக்கத்து முதுகுல செல்லோ டேப் ஒரு துண்டு. மூணு நிமிஷ வேலை, ஃபோம் போர்டு மொத்தமும் அதிர்றது நின்னுடும், ரட்டர (சுக்கான்) திருப்புற சர்வோ மோட்டாரோட பல்லும் பொழைக்கும்.

மெதுவா சுத்துற பெரிய ப்ராப்போட ஒரு கெட்ட குணம் இருக்கு, அதுக்குத்தான் நட்சத்திரம் குறைச்சேன். டார்க், அதாவது முறுக்கு விசை. ப்ராப் ஒரு பக்கம் சுத்த வண்டி எதிர்பக்கம் சாயுது, முழு த்ராட்டில்ல ஒரு ஓரத்து ஸ்கர்ட் தரையத் தேய்க்கும், மறு ஓரத்துல காத்து புஸ்ஸுனு போகும், வண்டி ஒரு பக்கமாவே இழுக்கும். அக்கா பையன் அதையும் விடல, "மாமா, இது என்ன ஒரு கால் நொண்டுற மாதிரி போகுது?" நான் ஸ்கர்ட்ட கழட்டி மறுபடி ஒட்டினேன், ஓட்டை தேடினேன், ஒண்ணும் இல்ல. அப்புறம் கணக்குப் போட்டா பேட்டரிய கிட்டத்தட்ட நாலரை சென்டிமீட்டர் ஓரம் தள்ளினா முழு த்ராட்டில்ல சமமாகும். ஆனா த்ராட்டில் விட்டா இப்ப மறுபக்கம் சாயும்! அதனால ரெண்டு சென்டிமீட்டர் மட்டும் தள்ளி பாதி த்ராட்டில்ல நேரா நிக்கிற மாதிரி வெச்சிருக்கேன். எதிரெதிரா சுத்துற ரெண்டு சின்ன மோட்டார் போட்டா இந்தத் தொல்லை இல்ல, ரட்டர் கூட இல்லாம திருப்பலாம், எடையும் வயரும் கூடும். அடுத்த வண்டிக்கு அதான் யோசனை.

இனி லிஃப்ட். இதுல நான் செஞ்ச தப்பு இன்னும் பெருசு. தூக்குறதுன்னா பலம் வேணும்னு நெனச்சு 64 எம்எம் டக்டட் ஃபேன் வாங்கினேன், ஜெட் ஃப்ளைட்டுக்குப் போடுற ஐட்டம். காத்து வந்துச்சு, கேக்கவே வேணாம், ஸ்கர்ட் பலூன் மாதிரி உப்பி வண்டி தடதடன்னு குதிச்சுது, ஓரமெல்லாம் காத்து பீச்சி தரையில ஒட்டவே இல்லாம ஐஸ் கட்டி மாதிரி எங்க வேணாலும் வழுக்கிச்சு. கம்மி பண்ணி ஓட்டினாலும் 9 ஆம்ப்ஸ்.

கணக்க மொதல்ல போட்டிருந்தா இத வாங்கியே இருக்க மாட்டேன். 1.1 கிலோ எடை, 0.21 சதுர மீட்டர் பரப்பு. தேவையான அழுத்தம் 51 பாஸ்கல், அதாவது ஒரு டம்ளர் தண்ணியில ஸ்ட்ரா வெச்சு ஊதி அஞ்சு மில்லிமீட்டர் தண்ணிய கீழ தள்ற அழுத்தம், ஒரு கொழந்தை கூட ஊதிடும். அந்த அழுத்தத்துல காத்து ஓரமா நொடிக்கு 9 மீட்டர் வேகத்துல வெளிய போகும், சுத்தளவு 1.9 மீட்டர், ஸ்கர்ட்டுக்கும் தரைக்கும் 3 மில்லிமீட்டர் இடைவெளின்னு வெச்சு, காத்து இடுக்குல சுருங்கிப் போறதையும் கழிச்சா நொடிக்கு சுமார் 30 லிட்டர் காத்து. அழுத்தத்தையும் அளவையும் பெருக்கினா 2 வாட் கூட வரல. ரெண்டு வாட்! ஃபேன் வீணடிக்கிறது, ஸ்கர்ட் ஓட்டையில போறது, தரை மேடு பள்ளம் எல்லாம் சேத்து பத்து மடங்குக்கு மேல வெச்சாலும் 30 வாட்டுக்குள்ள முடியணும். என் 5 இஞ்ச் மூணு றெக்கை ப்ராப் 40 சதவீத த்ராட்டில்ல 2.5 ஆம்ப்ஸ், அதாவது 28 வாட் எடுக்குது. 3 மில்லிமீட்டர் இடைவெளி ஆறாச்சுன்னா காத்தும் இரட்டிப்பாகணும், அதனால பவர வாங்கறதுக்கு முன்னாடி ஸ்கர்ட்ட ஒழுங்கா ஒட்டுங்க, பாதிப் பிரச்சனை அதுலயே தீரும்.

லிஃப்டுக்கு ப்ராப் பொருத்தமான்னு ஒரு சண்டை எப்பவும் உண்டு. திறந்த வெளியில சுத்துறதுக்குன்னு செஞ்ச ப்ராப் அழுத்தத்துக்கு எதிரா தள்ளும்போது திணறும், நடுவுல குமிழ் பக்கமும் நுனி பக்கமும் காத்து திரும்பி மேல வந்துடும். அதனால ரெண்டு றெக்கைய விட மூணு, அதுக்கும் மேல இருந்தாலும் நல்லது, சுத்தியும் ஒரு குழாய், நுனிக்கும் குழாய்க்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. நான் மொதல்ல நாலு மில்லிமீட்டர் விட்டிருந்தேன், ஒண்ணாக்கினதும் 60 சதவீத த்ராட்டில் 40க்கு எறங்குச்சு. குழாயோட மேல் விளிம்ப கூரா விடாம உருட்டி விடுங்க, கூர் விளிம்புல காத்து மடங்கி உள்ள வரும்போது சுழிஞ்சு நுனிகிட்ட சத்தம் போடும். பெரிய வண்டிக்கு சென்ட்ரிஃபியூகல் ப்ளோவர் (நடுவுல உறிஞ்சி ஓரமா வீசுற ஃபேன்) வகை இன்னும் நல்லது, அழுத்தத்த அது சுலபமா தாங்கும், வெளிய போற வழி அடைபட்டா அதுக்கு பாரம் கம்மியாகும். வாக்குவம் கிளீனர் குழாய கையால மூடினா மோட்டார் சத்தம் மேல ஏறுமே, அது கஷ்டப்படறது இல்ல, வேலை இல்லாம வேகமா சுத்தறது.

ஒரே மோட்டார் வெச்சு பின்னாடி வர்ற காத்துல மூணுல ஒரு பங்க தட்டு வெச்சுப் பிரிச்சு அடியில விடுற டிசைனும் இருக்கு. எடை கம்மி, ஒரு ஈஎஸ்சி போதும். ஆனா த்ராட்டில் விட்டா தள்றதும் நிக்கும், தூக்குறதும் நிக்கும், வண்டி அங்கயே பொத்துனு உக்காரும், தண்ணி நடுவுல அது ரசிக்கிற மாதிரி இருக்காது. 1959 ஜூலை 25ல இங்கிலீஷ் கால்வாயத் தாண்டுன எஸ்ஆர்என்1 ஹோவர்கிராஃப்டுல கூட ஒரே என்ஜின்தான், காத்துல ஒரு பங்க திருப்பிவிட்டு தள்ளினாங்க. ஹோவர்கிராஃப்ட கண்டுபிடிச்ச கிறிஸ்டோபர் காக்கரெல் அதுக்கு முன்னாடி ரெண்டு தகர டப்பாவ ஒண்ணுக்குள்ள ஒண்ணு வெச்சு காத்து ஊதி சமையலறை தராசுலதான் அழுத்திப் பாத்திருக்கார், அதனால தராசு வெச்சு அளக்குற என்னப் பாத்து வீட்ல சிரிச்சாலும் நான் கண்டுக்கிறதில்ல. முதல் வண்டி செய்றவங்க ரெண்டு மோட்டாராவே போங்க.

ஈஎஸ்சி பத்தி சுருக்கமா. தள்றதுக்கு 30 ஆம்ப்ஸ், லிஃப்டுக்கு 20 ஆம்ப்ஸ் போட்டிருக்கேன், ரெண்டுமே தேவைக்கு மேலதான். கருகினது 2200 கேவி காலத்துல 20 ஆம்ப்ஸ் ஒண்ணு, தப்பு என்னுதுதான், காத்து படாத பெட்டிக்குள்ள டேப் சுத்தி வெச்சிருந்தேன். ரெண்டு ஈஎஸ்சியோட பிஇசியும் (ரிசீவருக்கு கரண்டு குடுக்கிற பகுதி) ஒரே ரிசீவருக்குப் போகும்போது ஒண்ணோட சிவப்பு வயர பிளக்லேர்ந்து உருவி டேப் சுத்திடுங்க. கம்மி வோல்ட் வந்ததும் அணைக்கிற செட்டிங்க தள்ற ஈஎஸ்சியில சட்டுனு அணையாம மெல்ல குறையற மாதிரி வெச்சுக்கோங்க, வோல்டேஜும் கொஞ்சம் உசத்தியே வைங்க. லிஃப்ட் ஈஎஸ்சியில வோல்டேஜ் அதவிட கீழ இருக்கணும். இல்லன்னா லிஃப்ட் மொதல்ல அணைஞ்சு வண்டி தண்ணியில உக்காந்துடும், அதத் தள்ளிக் கரை சேக்கிறதுக்கு இந்த ப்ராப் பத்தாது.

பேட்டரி நேரம்: சராசரியா தள்றது 5 ஆம்ப்ஸ், லிஃப்ட் 2.5, மொத்தம் 7.5. 2200ல 80 சதவீதம் மட்டும் எடுத்தா 14 நிமிஷம். பழைய 2200 கேவியும் டக்டட் ஃபேனும் சேந்து 19 ஆம்ப்ஸ் குடிச்ச காலத்துல அஞ்சரை நிமிஷம். அதே பேட்டரி, அதே வண்டி.

குறைன்னு பாத்தா டார்க் தவிர இன்னும் ரெண்டு. இந்த 2212 மோட்டார்ல பேரிங் மட்டம், முப்பது முப்பத்தஞ்சு பேட்டரிக்கப்புறம் கையால சுத்தினா மணல் அரைக்கிற மாதிரி இருக்கு, புழுதியில ஓட்டினதாலயும் இருக்கலாம், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓட்டறேன். அப்புறம் ஷாஃப்ட் 3.17 எம்எம், அதோட வந்த ப்ராப் அடாப்டர்ல ஒண்ணு நேரா சுத்தல, நுனி ஆடுச்சு, ரெண்டாவது செட் வாங்கித்தான் மாட்டினேன். லிஃப்டுக்கு வெச்ச 2205ல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல, அது கால் பங்கு வேலைதான் செய்யுது. ரிவர்ஸ் ப்ராப் தனியா கிடைக்கிறது கஷ்டம், நேர் ஒண்ணு ரிவர்ஸ் ஒண்ணுன்னு ஜோடியாத்தான் பாக்கெட்ல வருது, அதனால என்கிட்ட இப்ப மாட்டாத நேர் ப்ராப் அஞ்சு கிடக்கு, ரெண்டு மோட்டார் வண்டி செஞ்சா அதுங்களுக்கும் வேலை வந்துடும்.